சக்கராசனம்: அரண்மனை முதல் மொட்டைமாடி வரை

1938-இல் மைசூரில் எடுத்த ஊமைப்படம் ஒன்று இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஐம்பதைத் தொடும் வயதில் ஓர் ஆசிரியர், இருபதுகூட நிரம்பாத ஒரு மாணவர், ஆசிரியரின் மனைவி, குழந்தைகள். ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மாணவர் அவருடைய மைத்துனர்; பிற்காலத்தில் பி.கே.எஸ். அய்யங்கார் என்று உலகம் அறிந்தவர். அந்த இளைஞர் முதுகை வளைக்கும் வேகத்தைப் பார்த்தால் பார்க்கிற நமக்கு மூச்சு வாங்கும். ஓர் ஆசனம் முடிந்ததா என்று யோசிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறார். ‘உடம்பு சொல்வதைக் கேளுங்கள், முடிந்தவரை செய்யுங்கள்’ என்கிற பேச்சுக்கெல்லாம் அந்தப் படத்தில் இடமே இல்லை.

இன்றைக்குச் சென்னையிலோ கோவையிலோ காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு மொட்டைமாடி யோகா வகுப்பை எட்டிப் பாருங்கள். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் முதுகுக்கடியில் திண்டு வைத்து மல்லாந்திருப்பார். பக்கத்தில் கணினி முன்னால் பத்து மணி நேரம் கூன்போட்டு உட்காரும் இளைஞர் ஒருவர், மடக்கு நாற்காலியின்மேல் முதுகைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டிருப்பார். ஆசிரியை இருவருக்கும் நடுவில் நின்று, “அவசரப்படாதீங்க, முட்டி வெளியே போகுது பாருங்க, முதல்ல அதை உள்ளே கொண்டு வாங்க” என்பார். மூன்று மாதமாக இதுவே நடக்கும். சக்கராசனத்துக்கான தயாரிப்பு என்று பெயர். சக்கராசனம் இன்னும் வந்திருக்காது.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலைப் பிட்டத்தருகே கொண்டுவந்து, உள்ளங்கைகளைக் காதோரம் ஊன்றி, உடம்பைத் தூக்கி வளைவாக நிறுத்துவது: வகுப்புகளில் இதைத்தான் சக்கராசனம் என்கிறார்கள். அய்யங்காரின் நூலில் இதற்குப் பெயர் ஊர்த்துவ தனுராசனம். பெயர் எதுவானாலும் செய்யும் உடம்புகளும் செய்யச் சொல்லும் காரணமும் இந்த எண்பத்தைந்து, தொண்ணூறு ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டன.

மைசூரில் 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தம் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்த கிருஷ்ணமாச்சாரியாருக்கு இடம் கொடுத்தார். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். அரண்மனைத் தயவில் நடக்கும் பள்ளி என்பதால், ஊர் ஊராகப் போய் ஆசனங்களைச் செய்துகாட்டி ஜனங்களுக்கு யோகத்தில் ருசி ஏற்படுத்துவதும் அதன் கடமையாயிற்று. கூட்டத்துக்குக் காட்ட மூச்சுப் பயிற்சி உதவுமா? ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் பின்வரிசைக்காரர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். பின்னால் வளைந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். முதுகை வளைக்கும் ஆசனங்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த மவுசில் பாதி, மேடை கொடுத்தது என்பது என் எண்ணம்.

ஏனென்றால் பழைய நூல்களில் அவற்றுக்கு அவ்வளவு இடம் இல்லை. திருமூலர் ஆதனம் பற்றிச் சொல்லும்போது பத்மம், பத்திரம், குக்குடம், சிம்மம் என்று உட்காரும் இருக்கைகளைத்தான் சொல்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகையில் மொத்தமே 15 ஆசனங்கள். அதில் தனுராசனம் உண்டு. ஆனால் அது கால் கட்டைவிரலைப் பிடித்துக் காதுவரை இழுப்பது. கேரண்ட சம்ஹிதையின் 32 ஆசனங்களில் பாம்பு, வெட்டுக்கிளி, ஒட்டகம் எல்லாம் வருகின்றன. தரையிலிருந்து எழும்பி நிற்கும் சக்கராசனம் இரண்டிலும் கிடையாது. மைசூர் அரண்மனையிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தொகுத்த ஸ்ரீதத்துவநிதி என்ற ஓவியச் சுவடியில் 122 ஆசனங்கள் இருக்கின்றன. கயிற்றில் தொங்குவதும் முதுகை வளைப்பதும் அங்கே தாராளம். மல்யுத்தக் களமும் தேகப்பயிற்சிக் கூடமும் யோகமும் அந்த அரண்மனையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக இருந்ததன் விளைவு அது. அரண்மனைக்கு வெளியே, தெருவில் கயிறு கட்டி வித்தை காட்டும் கழைக்கூத்தாடியின் பிள்ளைகள் இதைவிடக் கடினமான வளைவுகளைக் காசுக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் யோகிகள் என்று அழைக்கவில்லை.

மேடைக்காகப் பழகுவதற்கு ஒரு விலை இருந்தது. கால்களை முன்னும் பின்னுமாக நீட்டி உட்காரும் அனுமனாசனத்தை, முன்பு செய்து பழகியிராத நிலையில், ஒரு நிகழ்ச்சியில் செய்துகாட்டும்படி ஆசிரியர் சொல்ல, மறுக்க வழியில்லாமல் செய்து தொடைத் தசை கிழிந்ததையும், வெகுநாள் நடக்கச் சிரமப்பட்டதையும் அய்யங்கார் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைய பயிற்றுமுறை அதுதான். ஆசிரியர் ‘செய்’ என்பார், மாணவன் செய்வான். எப்படிச் செய்வது, எந்தத் தசை எங்கே இழுக்கிறது என்ற கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனின் முதுகு எதையும் தாங்கிக்கொண்டது. தாங்காத பையன்கள் பள்ளியைவிட்டு நின்றுகொண்டார்கள். நின்றவர்களின் கதையை யாரும் படம் எடுக்கவில்லை.

பெண்கள்? அபூர்வம். ஊமைப்படத்தில் கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவி நாமகிரியம்மாள் ஆசனங்கள் செய்வதைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து வந்த முதல் மாணவி இந்திரா தேவி. ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். 1937 வாக்கில் வந்து சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது ஆசிரியர் முதலில் மறுத்துவிட்டார். மகாராஜா தலையிட்ட பிறகே சம்மதித்தார். நம் பக்கத்தில் பொள்ளாச்சியை அடுத்த ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்த நானம்மாள் வீட்டிலேயே, சிறு வயதிலேயே யோகம் பழகினார். அப்படிக் குடும்பத்துக்குள்ளேயே கற்கக் கிடைத்த பெண்களுக்கு மட்டுமே யோகம் வாய்த்தது. நானம்மாள் தொண்ணூறு கடந்தும் கோவையில் சொல்லிக்கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார், மறு வருஷம் காலமானார். புடவைக் கட்டோடு அந்த வயதில் அவர் ஆசனம் செய்யும் படங்களைப் பார்த்துவிட்டு மறுநாளே வகுப்பில் சேர்ந்த நாற்பது வயதுப் பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம்: அவர் குழந்தையிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. தொண்ணூறில் வளைந்தது அவர் எட்டு வயதில் வளைத்த அதே முதுகு.

அய்யங்காரின் கதைக்கு வருகிறேன். 1937-இல் ஆசிரியர் அவரைப் புணேவுக்கு அனுப்பினார். அங்கே மேலே நின்று ‘செய்’ என்று சொல்ல ஆள் இல்லை. தன்னைவிட வயதில் பெரியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை. வளையாத முதுகை வளைக்க என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் தொழிலாக மாறியது. செங்கல், மரக்கட்டை, போர்வை, சுவரில் மாட்டிய கயிறு, சாய்வுப்பகுதியைக் கழற்றிய இரும்பு மடக்கு நாற்காலி, முதுகு வளைவுக்கு என்றே செய்த மரப்பலகை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கைகால் ஊன்றி எழ முடியாதவர் நாற்காலியின்மேல் பத்து நிமிடம் சாய்ந்து கிடக்கலாம். நெஞ்சு விரியும், இடுப்பு நோகாது. இன்று ஊருக்கு ஊர் யோகா வகுப்புகளில் திண்டும் பெல்ட்டும் தக்கைக் கட்டையும் சாதாரணமாகக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் புணேதான்.

ஆனால் அவருடைய 1966-ஆம் வருடத்துப் புத்தகம் ‘லைட் ஆன் யோகா’ வேறொரு வேலையையும் செய்தது. 200 ஆசனங்கள், ஏறத்தாழ 600 புகைப்படங்கள். சக்கராசனப் படத்தில் அவர் கைகளும் கால்களும் கிட்டத்தட்ட ஒட்டிவிடும் தூரத்தில் இருக்கும். அந்தப் படம் உலகம் முழுதும் போயிற்று. புத்தகத்தின் பின்னிணைப்பில் 300 வாரங்களுக்கான பயிற்சி அட்டவணை இருக்கிறது. ஏறக்குறைய ஆறு வருஷம். படத்தைப் பார்த்த எல்லாரும் அட்டவணையைப் பார்த்தார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

அதே காலத்தில் மைசூர்ப் பள்ளிக்கு என்ன ஆயிற்று? சமஸ்தானம் போனது, மானியமும் போனது. 1950-இல் யோகசாலை மூடப்பட்டது. இன்னொரு மாணவர் பட்டாபி ஜோயிஸ் அங்கேயே இருந்து, பழைய வேகத்தை விடாமல், ஒரு வரிசையில் ஆசனங்களைக் கோத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் மைசூரின் கோகுலம் பகுதிக்கு வெளிநாட்டார் வந்து குவிவது அந்த முறைக்காக. அதில் தினமும் சக்கராசனம் உண்டு. நின்றபடி பின்னால் வளைந்து கையைத் தரையில் ஊன்றுவதும் அங்கிருந்து அப்படியே எழுவதும் உண்டு.

கிருஷ்ணமாச்சாரியார் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 1952-இல், சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரிய வழக்கறிஞருக்குச் சிகிச்சை தரும்படி அழைப்பு வந்ததுதான் காரணம். அரண்மனை இல்லை, மேடை இல்லை, பையன்கள் பட்டாளம் இல்லை. எதிரில் படுக்கையில் ஒரு நோயாளி. பையன்களை வில்லாய் வளைத்த அதே மனிதர் இங்கே ஒரு நேரத்தில் ஒருவருக்கு, அவரவர் வயசுக்கும் நோய்க்கும் தொழிலுக்கும் தக்கபடி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். அந்தச் சென்னைக் காலத்துப் பாடத்தைக் கற்று, 1976-இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார்.

சென்னை வழியில் சக்கராசனம் எங்கே போயிற்று? மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை இழுக்கும்போது இடுப்பை மெல்லத் தூக்கி, விடும்போது ஒவ்வொரு முள்ளெலும்பாகத் தரையில் இறக்குவது. துவிபாத பீடம் என்பார்கள். கைகளும் மூச்சோடு சேர்ந்து தலைக்குமேல் போய் வரும். ஆறு முறை, எட்டு முறை. அவ்வளவுதான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை; புகைப்படம் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இடுப்புவலியோடு வந்த ஐம்பது வயதுக்காரருக்கு இதுதான் சக்கராசனம். கிருஷ்ணமாச்சாரியார் 1989-இல், நூறு வயதைத் தாண்டிக் காலமானார். மைசூரில் அவர் வளர்த்த மாணவர்களின் புகழால் அவருடைய சென்னை வருஷங்கள் சற்று மறைந்து கிடக்கின்றன. யோகத்தைச் சாமானியர் வீட்டுக்குள் கொண்டுவந்தது மைசூர் அல்ல, சென்னைதான் என்று சொல்வேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இன்றைய வகுப்புக்கு இன்னொன்றும் புதிதாக வந்திருக்கிறது: உடற்கூறு அறிவு. அசையும் முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சுப் பின்புறம் 12, இடுப்பில் 5. நெஞ்சுப் பகுதியில் விலா எலும்புகள் பிணைந்திருக்கின்றன. பின்பக்க முட்களும் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அதனால் அந்தப் பகுதி பின்னால் அதிகம் வளையாது. இடுப்பும் கழுத்தும் சுலபமாக வளையும். ஆகவே, ‘வளை’ என்று மட்டும் சொன்னால், வளைகிற இடமே மேலும் வளைந்து மொத்த பாரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஜிம்னாஸ்டிக்ஸ் சிறுமிகளுக்கும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் இடுப்பின் கடைசி முள்ளெலும்பில் மயிரிழை முறிவு வருவது இந்தக் காரணத்தால்தான். ஓரளவு தேறிய ஆசிரியர் இன்று இடுப்பைத் தொடவே மாட்டார். தொடையின் முன்பக்கத் தசை இறுகியிருக்கிறதா, தோள்மூட்டு காதுவரை தடையில்லாமல் போகிறதா, மணிக்கட்டு தாங்குமா என்றுதான் பார்ப்பார். நாற்காலி வாழ்க்கையில் தொடை முன்தசை சுருங்கிவிடுகிறது. கைபேசியும் கணினியும் தோளை முன்னால் இழுத்துவிடுகின்றன. சக்கராசனம் வராதவர்களில் பலருக்கு முதுகில் குறையே கிடையாது.

பெரியவர்கள் இந்த இடத்தில் ஒரு பல்லவியை எடுப்பார்கள். அந்தக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன, கிணற்றில் நீர் இறைத்தோம், எங்களுக்கு யோகா எதற்கு என்று. பாதி உண்மை. தரையில் சம்மணமிட்டதும் குந்தி உட்கார்ந்ததும் இடுப்பு மூட்டைத் தளர்வாக வைத்திருந்தன. ஆனால் நாற்று நடுவதும் களை பறிப்பதும் கோலம் போடுவதும் அம்மி அரைப்பதும் முன்னால் குனியும் வேலைகள். பின்னால் வளைய அன்றைய வாழ்க்கையிலும் வேலை இருக்கவில்லை. வயலில் உழைத்த பாட்டிமார்களில் எத்தனை பேர் கடைசிக் காலத்தில் கூன் விழுந்து கோல் ஊன்றி நடந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சின்னச் சின்ன மாற்றங்களையும் சொல்ல வேண்டும். அன்று ஜமக்காளம், குதிகால் வழுக்கும், அதனால் தொடையின் உள்பக்கத் தசை வேலை செய்தே தீரவேண்டும். இன்று ரப்பர் மேட். பாதம் அசையாது, பயமும் குறைவு. அன்று வேட்டியை இழுத்துக் கட்டிய வெற்றுடம்பு. இன்று டிராக் பேண்ட். அன்று ஆசிரியர் மாணவனின் இடுப்பில் துண்டைக் கொடுத்துத் தூக்கிவிடுவார். இன்று தொடுவதற்கு முன் ‘பிடிக்கலாமா?’ என்று கேட்கிறார்கள், நல்ல பழக்கம். கொரோனாவுக்குப் பிறகு பல வகுப்புகள் கைபேசித் திரைக்குள் போய்விட்டன. தொடவும் முடியாது, பக்கவாட்டில் பார்க்கவும் முடியாது. தனியாக வீட்டில் இருப்பவருக்குத் திரை வழியாக முழுச் சக்கராசனம் சொல்லித்தருவதை நான் ஏற்பதில்லை.

ஜூன் 21-ஐ யோகா நாளாக ஐ.நா. 2014 டிசம்பரில் அறிவித்தது. அந்த நாளுக்காக ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொதுப் பயிற்சித் திட்டத்தில் அர்த்த சக்கராசனம், உஷ்டிராசனம், புஜங்காசனம், சலபாசனம், சேதுபந்தாசனம் எல்லாம் இருக்கின்றன. முழுச் சக்கராசனம் மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கானவர் மைதானத்தில் ஒரே நேரத்தில் செய்யும்போது அது வேண்டாம் என்பது புத்திசாலித்தனம். நம்மூர் மனவளக்கலை மன்றங்களில் வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியிலும் அது கிடையாது. தமிழ்நாட்டில் யோகா பழகுகிறவர்களில் பெருந்தொகையினர் சக்கராசனத்தின் பக்கமே போகாமல் நலமாக இருக்கிறார்கள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மறுபக்கம், 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. கேலோ இந்தியா விளையாட்டுகளில் அதற்குப் பதக்கம் உண்டு; 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோதும் இருந்தது. யோகாசனப் போட்டிகளில் பின்வளைவுக்குத் தனிப்பிரிவும் உண்டு. முறையான பயிற்சியாளர், நடுவர், வயதுப்பிரிவு எல்லாம் இருப்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். என் சண்டை வேறு இடத்தில். பள்ளி ஆண்டுவிழாவில் ஏழு வயதுக் குழந்தையைச் சக்கராசனத்தில் நிறுத்தி, வயிற்றின்மேல் பானை அடுக்கி, கடிகாரத்தை ஓடவிட்டு, ‘உலக சாதனை’ என்று சான்றிதழ் வாங்குகிறோமே, அதில் யோகமும் இல்லை, விளையாட்டும் இல்லை. மைசூர் மேடையிலாவது யோகத்தைப் பரப்பும் நோக்கம் இருந்தது. இங்கே மறுநாள் பேப்பரில் வரும் படம்தான் நோக்கம். பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. ரீல்ஸுக்காகக் கடற்கரை மணலில் வளைகிறவர்கள், முந்தைய ஆறு மாதப் பயிற்சியைப் படம் பிடிப்பதில்லை. இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் உண்மையில் வளர்ந்தது அந்த இடைப்பட்ட பாதைதான்: திண்டும் நாற்காலியும் மூச்சுக் கணக்கும். அதைவிட்டு மறுபடியும் 1938-இன் ஊமைப்படத்துக்கே ஓடுகிறோம். அந்த இளைஞனின் உடம்பும் அவனுடைய தினசரிப் பழக்கமும் இல்லாமல்.

நாற்பதுக்குமேல் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கண்ணில் கிளாக்கோமா, குடலிறக்கம், எலும்புத் தேய்மானம், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தலையைப் பின்னால் தொங்கவிட வேண்டாம். மற்றவர்கள் புஜங்காசனம், சலபாசனம், சேதுபந்தாசனம் (மல்லாந்து இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்துவது) மூன்றையும் சில மாதம் விடாமல் செய்யுங்கள். சுவரில் கையை உயர்த்தி ஊன்றித் தோளைத் திறந்துகொள்ளுங்கள். சேதுபந்தாசனத்தில் மூச்சு திணறாமல் ஒரு நிமிடம் நிற்க முடிந்த பிறகு, பக்கத்தில் ஒரு நல்ல ஆசிரியரை வைத்துக்கொண்டு கைகளை ஊன்றிப் பாருங்கள். முதலில் உச்சந்தலை தரையில் படும் அளவு எழுந்தால் போதும். பாரம் தலையில் இறங்காமல் கைகளிலேயே இருக்கட்டும். முடித்ததும் முழங்காலை மார்போடு அணைத்துச் சற்று நேரம் படுத்திருங்கள். உடனே குனிந்து காலைத் தொடப் போகாதீர்கள். கூரிய வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சக்கராசனம் கடைசிவரை வராமலே போனாலும் உங்கள் முதுகுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சேதுபந்தாசனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.